தோட்டக்காரர் மகன்

கோல்ப் என்ற சொல் ஹைதராபாத்தில் எங்கள் குஷாய்குடாவில் அநேகமாக யார் வாயிலும் வருவதில்லை. காலை ஷிப்டுக்குச் செர்லபள்ளித் தொழிற்பேட்டையை நோக்கி விரைகிறவர்களும், ரைத்து பஜாரில் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுகிறவர்களும், மாலையில் ஈ.சி.ஐ.எல். நாற்சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்கிறவர்களுமாக உழைத்து ஜீவனம் நடத்தும் மக்கள் நிறைந்த இந்தப் பகுதியில், காலி மனை ஒன்று கண்ணில் பட்டால் பையன்கள் மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடத் தொடங்கிவிடுவார்களே அல்லாமல், மைல் கணக்கில் புல் வளர்த்து அதன் நடுவே குழி தோண்டிப் பந்தை விழச் செய்யும் ஓர் ஆட்டத்தைப் பற்றி அவர்கள் கனவிலும் நினைப்பதற்குக் காரணமில்லை. என் நினைவில் ஒரே ஒரு நாள்தான் விதிவிலக்கு. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி, சனிக்கிழமை விடியற்காலையில், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, பார் என்றால் என்ன, பர்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களெல்லாம் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தோம். ஒரே ஓர் அடியில் வெண்கலம் கைநழுவி அந்தப் பெண் நான்காவதாக வந்தபோது, தெருமுனைத் தேநீர்க் கடையில் அன்று முழுவதும் அதே பேச்சாக இருந்தது. கடைக்காரர் மட்டும் பாலை ஆற்றிக்கொண்டே, “என்ன இருந்தாலும் அது பெரிய மனிதர்கள் ஆட்டம், சார்” என்று முடித்துவிட்டார்.

நானும் வெகு காலம் அந்த அபிப்பிராயத்திலேயே இருந்தவன்தான். அது முழு உண்மையல்ல என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது ஒரு மரத்தைப் பார்க்கப் போன பிரயாணம்.

ஹைதராபாத்தின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குச் சென்றால் கோல்கொண்டாவும், அதை ஒட்டினாற்போல் நயா கிலா என்ற புதுக்கோட்டையும் வரும். மொகலாயர் படையெடுப்பை எதிர்நோக்கிக் கோல்கொண்டா மன்னர் அப்துல்லா குதுப் ஷா 1656-இல் கட்டுவித்த கோட்டைப் பகுதி அது. அதற்குள் ஆப்பிரிக்கப் பெருக்க மரம் ஒன்று நிற்கிறது. ஏறத்தாழ 27 மீட்டர் சுற்றளவும், யானைத் தோலைப் போன்ற சாம்பல் நிறப் பட்டையும் கொண்டு, மனிதர் உள்ளே புகுந்து உட்காரக்கூடிய பொந்துடன் இருக்கும் அந்த மரத்தைக் காணச் சென்றபோதுதான், கோட்டைச் சுவர்களுக்கும் பழைய மசூதிகளுக்கும் இடையே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கோல்ப் திடல் ஒன்று பரந்திருப்பதைக் கண்டேன். பாதுகாக்கப்பட்ட புராதன ஸ்தலத்தில் இத்தகைய திடல் இருக்கலாமா என்று நெடுநாளாக வழக்கும் வாதமும் நடந்து வந்திருக்கின்றன. வரலாற்று அபிமானிகளின் கவலை நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ஆயினும் அன்று என் கண்ணைப் பிடித்து நிறுத்தியது திடலன்று, ஒரு மனிதர்.

ஆட்டக்காரருடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்து செல்பவரை ஆங்கிலச் சொல்லால் கேடி என்பார்கள். அந்த ஒலிக்கு நம் பேச்சில் வேறொரு தீய பொருள் ஒட்டிக்கொண்டிருப்பதால், இந்த நல்ல மனிதர்களுக்கு அதை இட மனமின்றி, பைச்சுமையாளர் என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். பன்னிரண்டு பதினைந்து கிலோ கனமுள்ள பையுடன் பதினெட்டுக் குழிகளுக்கும் நடந்தால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. நான் கண்டவருக்கு நாற்பது பிராயம் இருக்கலாம். ஆட்டக்காரர் பந்தைக் குழிக்குச் சில கஜ தூரத்தில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். பைச்சுமையாளர் பையை இறக்கிவைத்துவிட்டுப் பந்தின் பின்னால் குந்தி உட்கார்ந்து, கன்னம் புல்லில் படுமோ என்னும்படி தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழி வரையில் தரையை நோக்கினார். பிறகு எழுந்து, குழிக்கு இடப்புறம் ஒரு சாண் தள்ளி, புல்லின் மீது விரலால் ஓர் இடத்தைச் சுட்டினார். தரை எனக்குச் சமமாகத்தான் தோன்றியது. ஆட்டக்காரர் அவர் காட்டிய இடத்தை நோக்கித் தட்டவே, பந்து நேராகப் போய், இறுதியில் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் வலப்புறம் வளைந்து குழிக்குள் விழுந்தது. பின்னர் மர நிழலில் அவரைச் சந்தித்து, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், சாப். காலையில் ஒரு மாதிரி ஓடும், சாயங்காலம் வேறு மாதிரி ஓடும். இருபது வருஷமாக இதே புல்லைத்தானே பார்க்கிறேன்” என்றார். நீங்கள் ஆடுவதுண்டா என்றதற்குச் சற்றே கூச்சத்துடன், “திங்கட்கிழமை” என்று ஒரே சொல்லில் விடை சொன்னார். நம் நாட்டில் பல கிளப்புகளில் அங்கத்தினர்களுக்கு விடுமுறையாகிய திங்கட்கிழமையில் பைச்சுமையாளர்கள் ஆடிக்கொள்ள அனுமதிக்கும் வழக்கம் உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு இந்திய கோல்பின் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கிய எனக்கு, அதன் மிகச் சிறந்த அத்தியாயங்களில் சில திங்கட்கிழமைகளில் எழுதப்பட்டவை என்று தோன்றிற்று. அவற்றுள் என் மனத்தை முழுவதும் கவர்ந்தது கல்கத்தாவைச் சேர்ந்த சிவசங்கர் பிரசாத் சௌரசியாவின் கதை. பத்திரிகைகளில் அவரை எஸ்.எஸ்.பி. சௌரசியா என்று குறிப்பிடுவார்கள்.

கல்கத்தாவின் தென்பகுதியில் டாலிகஞ்ச் வட்டாரத்தில் ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் இருக்கிறது. 1829-இல் தொடங்கப்பட்ட இந்தக் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழமையானது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்த காலத்தில் ‘ராயல்’ என்ற பட்டமும் அதற்குக் கிடைத்தது. அத்தனை கௌரவம் வாய்ந்த அந்தக் கிளப்பில் புல் வெட்டி, நீர் பாய்ச்சி, குழிகளைச் சுற்றியுள்ள மென்புல் தளங்களைப் பேணும் ஊழியராக இருந்தவர் சௌரசியாவின் தந்தை. 1978 மே 15-ஆம் தேதி பிறந்த மகன், பத்து வயதில் அந்தத் திடலிலேயே மட்டையைக் கையில் எடுத்தான். அவனுக்குப் பயிற்சியாளர் என்று ஒருவர் வாய்க்கவில்லை. ஆடுகிறவர்களைப் பார்த்து, தானே ஆடிப் பார்த்து, தவறினால் மறுபடி ஆடி, ஏகலைவனைப் போல் கற்றுக்கொண்ட வித்தை அது. ஏகலைவனுக்காவது வணங்குவதற்கு ஒரு மண் பொம்மை இருந்தது. இந்தப் பையனுக்கு இருந்தது அப்பா வளர்த்த புல்தான்.

இவ்விடத்தில் ஆட்டத்தின் இயல்பைச் சற்று விளக்கிவிடுவது அவசியம். ஒரு திடலில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொன்றின் விட்டமும் நாலேகால் அங்குலம். நானூறு ஐந்நூறு கஜ தூரத்திலிருந்து பந்தை அடித்துக்கொண்டு வந்து அந்தச் சிறு குழியில் இட வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகள் என்று ஒரு கணக்கு உண்டு, அதுவே பார். மொத்தம் பெரும்பாலும் எழுபத்திரண்டு வரும். அடிகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவுக்கு வெற்றி. பதினான்கு மட்டைகளுக்கு மேல் பையில் இருக்கக் கூடாது. எதிராளி என்று ஒருவர் பந்தைத் தடுக்க வரமாட்டார். காற்றும், மேடுபள்ளமும், சுய மனமுமே எதிரிகள். அடிகளின் கணக்கைப் பதிந்த தாளில் ஆட்டக்காரரே கையொப்பமிட வேண்டும். ஒரு குழிக்கு உண்மையைவிடக் குறைத்து எழுதிய தாளில் கையொப்பம் விழுந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

தொலைதூரம் அடிப்பதற்குத் தோள்வலிமை வேண்டும். உயரமும் உடற்கட்டும் உள்ளவர்களுக்கு அது கைவரும். சௌரசியா உருவத்தில் சிறியவர், நெடுந்தூர அடி அவருடைய பலமன்று. ஆனால் குழியை நெருங்கி வந்த பின், பந்தை மெல்லக் கிள்ளித் தூக்கிப் போடுவதிலும், புல்லின் சாய்வறிந்து உருட்டிவிடுவதிலும் அவருக்கு இருந்த சாமர்த்தியம் அபூர்வமானது. ஆங்கிலத்தில் முன்னதைச் சிப் என்றும் பின்னதைப் புட் என்றும் சொல்வதால், அவற்றையே அவர் பெயரோடு கோத்துச் ‘சிப்புட்சியா’ என்று சக ஆட்டக்காரர்கள் அவருக்குச் செல்லப்பெயர் சூட்டினார்கள். புல்லைப் பேணுகிறவர் வீட்டில் வளர்ந்தவனுக்குப் புல்லின் பாஷை தெரிந்திருந்ததில் ஆச்சரியம் என்ன?

1997-இல் அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். தொழில் என்றால் மாதச் சம்பளமுள்ள உத்தியோகம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு போட்டி வியாழக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். முதல் இரண்டு நாள் முடிவில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே நிற்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. இரயில் கட்டணம், தங்கும் விடுதி, சாப்பாடு, தம் பையைச் சுமப்பவருக்குக் கூலி என்று எல்லாச் செலவையும் ஆட்டக்காரரே ஏற்க வேண்டும். நன்றாக ஆடிய வாரத்தின் வருமானத்தில் நன்றாக ஆடாத வாரங்களைத் தள்ளும் ஜீவனம் அது. பின்னால் தாங்கிப் பிடிக்க வசதியுள்ள குடும்பம் இருப்பவர்களுக்கு ஒரு தோல்வி வெறும் தோல்வி. ஊழியர் மகனுக்கோ அது அடுத்த போட்டிக்கான பயணச்சீட்டு இல்லாமற் போவது.

2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெல்லி கோல்ப் கிளப்பில் இந்தியன் மாஸ்டர்ஸ் என்ற போட்டி நடைபெற்றது. ஐரோப்பியச் சுற்று என்னும் தொழில்முறைப் போட்டி வரிசையின் அங்கமாகிய அந்தப் போட்டிக்குத் தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் போன்ற புகழ்பெற்ற வீரர்கள் வந்திருந்தார்கள். டெல்லித் திடலும் நம் நயா கிலாவைப் போன்றே பழைய கல்லறை மண்டபங்கள் நடுவே அமைந்தது. இருபுறமும் புதர் அடர்ந்து, பாதை குறுகி, சற்றே கோணலாக அடித்தாலும் பந்து முள்ளுக்குள் போய்விடும். வலியவர்களின் நெடிய அடிகள் அங்கே புதருக்கு இரையாகவும், சௌரசியா தம் சிறிய, நேரான அடிகளோடு நாலு நாளும் நிதானமாக நடந்து, அயர்லாந்தின் டேமியன் மக்கிரேனை இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். பரிசுத் தொகை நான்கு லட்சம் டாலருக்கு மேல்! அதைவிடப் பெரிது, ஐரோப்பியச் சுற்றில் ஆடும் உரிமை. கல்கத்தாத் திடலில் புல்லோடு புல்லாக வளர்ந்தவனுக்கு உலகத் திடல்கள் திறந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2011-இல், குர்கானில் அவந்தா மாஸ்டர்ஸ் பட்டத்தையும் அவர் ஜயித்தார்.

எனினும் அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் உருக்கியவை வெற்றிகளல்ல. இந்தியன் ஓப்பன் என்பது நம் நாட்டுத் தேசியப் பட்டம். 1999-இல் அவர் அதில் இரண்டாவதாக வந்தார். 2006-இல் மீண்டும் இரண்டாவது. 2013-இல் மீண்டும் இரண்டாவது. 2015-இல், டெல்லியில், கடைசி நாள் காலையில் முன்னணியில் இருந்தவர் அவர். இன்னோர் இந்திய வீரராகிய அனிர்பன் லஹிரி ஏழு அடி பின்தங்கியிருந்தார். அன்று மாலை இருவரும் சமமாக வந்து நின்று, தீர்மானிக்கும் கூடுதல் குழியில் லஹிரி வென்றார். பதினாறு ஆண்டுகளில் நான்கு முறை வாசற்படி வரை சென்று திரும்பியவனுடைய மனநிலையை எண்ணிப் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் ஐந்தாம் முறை அந்த வாசலுக்குப் போவோம்? சௌரசியா போனார். 2016 மார்ச்சில், அதே டெல்லித் திடலில், அதே லஹிரியை இரண்டாம் இடத்தில் நிறுத்தி, இரண்டு அடி வித்தியாசத்தில் இந்தியன் ஓப்பனை வென்றார். 112 ஆண்டுகளுக்குப் பிறகு கோல்ப் ஒலிம்பிக்குக்குத் திரும்பிய அந்த வருஷத்தில், ரியோ நகருக்கு இந்தியாவின் சார்பில் சென்ற இரண்டு ஆடவர்களும் இவ்விருவரே.

மறு ஆண்டு, 2017-இல், குர்கானில் டி.எல்.எஃப். திடலில் அதே பட்டத்தை ஏழு அடி வித்தியாசத்தில் அவர் தக்கவைத்துக்கொண்டார். அந்தத் திடலைப் புதுப்பித்து வடிவமைத்தவர் தென்னாப்பிரிக்காவின் மகத்தான ஆட்டக்காரராகிய கேரி பிளேயர். அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு வேறொரு மனிதரின் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து டுரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றது. கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் போன அத்தகைய இந்தியர்களால் வளர்ந்த டர்பன் நகரத்துச் சமூகத்தில் பிறந்தவர் ‘பாப்வா’ என்று அழைக்கப்பட்ட சூசங்கர் சூகோலம். அவர் பைச்சுமையாளராக இருந்தவர். எழுத்தறியாதவர். மட்டையைப் பிடிக்கும்போது எல்லாரும் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைக்க, தாமே கற்றதால் அவர் தலைகீழாகப் பிடித்தார். அந்தப் பிடியோடு ஹாலந்து நாட்டின் டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றார். 1963-இல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனில் ஜயித்தபோது, நிறவெறிச் சட்டம் அவரைக் கிளப் கட்டடத்துக்குள் அனுமதிக்கவில்லை. வெள்ளையர் உள்ளே இருக்க, வெளியே கொட்டும் மழையில் நின்று அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். 1965-இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே வென்றார். அதன் பிறகு அந்நாட்டு அரசு அவருக்குப் போட்டிகளின் கதவை அடைத்து, வெளிநாடு செல்லவும் விடாமல் கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டது. 1978-இல் அவர் காலமானார். கல்கத்தாவில் சௌரசியா பிறந்த ஆண்டும் அதுவே. இதற்கு விசேஷ அர்த்தம் ஏதும் இல்லை என்று அறிவு சொல்கிறது; ஆனாலும் அந்த இரு தேதிகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது நெஞ்சு சற்றே விம்மியதை மறைக்க மாட்டேன்.

நம் நாட்டில் சட்டம் யாரையும் மழையில் நிறுத்தவில்லை. நிறுத்தியது வழக்கம், வேலிக்கு இப்பால் ஆடுகிறவர், அப்பால் சுமக்கிறவர் என்ற வழக்கம். அதைத் தாண்டி வந்தவர்களின் வரிசை சிறியதன்று. 1964-இல் தொடங்கிய இந்தியன் ஓப்பனை மறு ஆண்டிலேயே பி.ஜி. சேத்தி என்ற இந்தியர் வென்றார். ஆனால் அவர் பொழுதுபோக்காக ஆடியவர். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட இந்தியர் ஒருவர் அதை வெல்ல 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு வென்ற அலி ஷேர், டெல்லி கிளப்பில் பை சுமந்து வளர்ந்தவர். 1993-இல் மறுபடியும் வென்றார். 2009-இல் பட்டம் பெற்ற சி. முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். மௌ நகரத்து முகேஷ் குமார், 2016-இல், ஐம்பத்தொரு வயதில் ஆசியச் சுற்றில் தம் முதல் பட்டத்தை வென்று இளைஞர்களைத் திகைக்க வைத்தார். பயிற்சிக்கூடமும் வெளிநாட்டுப் பயிற்சியாளரும் பெற்றவர்கள் இந்தியாவுக்குப் புகழ் சேர்க்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதிதியும் லஹிரியும் ஜீவ் மில்கா சிங்கும் நம் பெருமைக்குரியவர்களே. ஆனால் ஒரு தேசத்தில் இந்த ஆட்டத்தின் புல்லையும் மண்ணையும் மிக நெருங்கி அறிந்தவர்கள் யாரோ, அவர்களுக்கு ஆட வாய்ப்புக் கிடைப்பது வாரத்தில் ஒரு காலை, அதுவும் சில இடங்களில் மட்டும் என்றால், நாம் எத்தனை சௌரசியாக்களைப் பார்க்காமலே இழந்திருக்கிறோம் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 2017-இல் அரசாங்கம் சௌரசியாவுக்கு அர்ஜுனா விருது அளித்து மரியாதை செய்தது. அது ஒருவருக்குச் செய்த மரியாதை. அவர் வந்த வழியை அகலப்படுத்தும் வேலை பெரும்பாலும் கிளப்புகளின் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இந்த ஆட்டம் புதிதன்று. கொடைக்கானலில் 1895 முதலே கோல்ப் கிளப் இருக்கிறது, ஊட்டியிலும் உண்டு, சென்னையில் அண்ணா சாலையில் நந்தனத்தைக் கடக்கும் பேருந்துப் பயணிகள், காஸ்மாபாலிட்டன் கிளப்பின் பசும்புல்லைச் சுவருக்கு மேலாகக் கண்டிருப்பார்கள். அந்தச் சுவர்களுக்குள் விடியுமுன் வந்து புல் வெட்டுகிறவர்களும் நீர் பாய்ச்சுகிறவர்களும் நம்மவர்களே. அவர்களுக்கும் பத்து வயதில் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆகவே, இதைப் படிப்பவர்களில் எந்தக் கிளப்பிலாவது அங்கத்தினராகவோ நிர்வாகியாகவோ இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் ஊழியர்களின் குழந்தைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், திங்கட்கிழமை காலையில் திடலுக்குள் விடுங்கள். புது மட்டை வாங்கித்தர வேண்டாம். நீங்கள் மாற்றிவிட்டு வீட்டு மூலையில் போட்டு வைத்திருக்கும் பழைய மட்டைகளில் இரண்டைக் கொடுத்தால் போதும். புல்லைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.